வல்லாளனுக்குத் திதி

எங்கள் ஊர் மணலூர்பேட்டை. தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன பேரூராட்சி. முன்பு விழுப்புரம் மாவட்டம், 2019லிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊரை வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் தெரியும்: தை 5, ஆற்றுத் திருவிழா. அன்றைக்கு திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரே கிளம்பி எங்கள் ஆற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். சுற்றுவட்டார ஊர்ச் சாமிகளும் வந்து சேரும். மணலில் கடைகள் முளைக்கும். சுருளிக்கிழங்கு, கரும்பு, பொரி, பலூன், ராட்டினம். பெங்களூரில் வேலை பார்க்கிற என்னை மாதிரி ஆட்கள் பொங்கல் லீவை இரண்டு நாள் நீட்டித்துக்கொண்டு இருந்துவிட்டுப் போவோம்.

இந்தத் தையில் ஆற்றில் கூட்டம் கலைவதற்கு முன்பே எங்கள் ஊர் வாட்ஸப் குரூப்பில் சண்டை தொடங்கிவிட்டது. யாரோ ஒரு வீடியோவைப் போட்டிருந்தார். அண்ணாமலையாருக்கு அப்பா முறை என்று நாம் கும்பிடுகிற வல்லாள மகாராஜாதான், மாலிக் காஃபூரின் படைக்குத் தமிழ்நாட்டுக்கு வழிகாட்டியவர் என்பது வீடியோவின் சாரம். தலைப்பில் 'துரோகி' என்ற சொல் சிவப்பு எழுத்தில் இருந்தது. பத்து நிமிடத்தில் பதில் வீடியோ வந்தது. அதில் அதே வல்லாளன் மதத்துக்காக உயிரைக் கொடுத்த தியாகி. மூன்றாவதாக ஒருவர், அவர் கன்னடர், வந்தேறி, நமக்கென்ன என்றார். நான்காவதாக ஒருவர், அவர் எங்கள் சாதி, வார்த்தையை அளந்து பேசு தம்பி என்றார். ராத்திரி பதினொரு மணிக்கு அட்மின் குரூப்பைப் பூட்டினார்.

நான் அங்கே ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். அந்த நாலு பேருக்கும் சேர்த்து என் பதில் இது. நாலு பேர் சொன்னதும் நாலு விதமான அபத்தம், ஆனால் நாலுக்கும் வேர் ஒன்று. எழுநூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு மனிதனின் ஐம்பது வருட ஆட்சியை ஒரே சொல்லில் மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிற அவசரம்.

*

முதலில் கதை தெரியாதவர்களுக்காக.

திருவண்ணாமலையை ஆண்ட வல்லாள மகாராஜாவுக்குப் பிள்ளையில்லை. சிவன் ஓர் அடியாராக வந்து, தனக்குத் துணையாக ஒரு பெண் வேண்டும் என்று கேட்கிறார். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அரசன் தன் இளைய ராணி சல்லமாதேவியையே அனுப்புகிறான். அவள் அருகே போனதும் அடியார் குழந்தையாகி, பிறகு மறைந்துவிடுகிறார். இனி உனக்கு நானே மகன், உன் காரியங்களை நானே செய்வேன் என்பது வாக்கு. எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தில் இதற்குத் தனிச் சருக்கமே உண்டு. அண்ணாமலையார் கோயிலில் வல்லாள மகாராஜா கோபுரம் இன்றும் அந்தப் பெயரோடு நிற்கிறது.

வாக்கு இன்றும் ஆண்டுதோறும் நிறைவேற்றப்படுகிறது. தைப்பூசத்தன்று ஈசான்யக் குளத்தில் தீர்த்தவாரி முடிந்து சாமி திரும்பும்போது, வல்லாளன் போரில் இறந்த சேதி அவருக்குச் சொல்லப்படும். அதோடு மேளதாளம் நின்றுவிடும். சாமி சத்தமில்லாமல் கோயிலுக்குப் போவார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் அப்பாவுக்குத் திதி கொடுப்பார். கடவுள் ஒரு மனிதனுக்காகத் துக்கம் அனுசரிக்கிற வழக்கம்!

சின்ன வயதில் ஆற்று மணலில் உட்கார்ந்து என் பெரியப்பா இதைச் சொன்னபோது நான் கேட்ட ஒரே கேள்வி: "அந்த ராஜாவ யாரு பெரியப்பா கொன்னது?"

"அது தெரியாதுப்பா. சண்டையில செத்துட்டாரு. அவ்ளோதான்."

அந்த 'அவ்ளோதான்' எனக்குப் போதவில்லை. இன்ஜினியரிங் படித்த காலத்தில் செமஸ்டர் புத்தகங்களைவிட அதிகமாக இதைத்தான் தேடிப் படித்தேன்.

*

வல்லாள மகாராஜா என்று நாம் சொல்கிறவர் ஹொய்சள அரசன் மூன்றாம் வீர வல்லாளன். இன்றைய ஹளேபீடுதான் அவன் தலைநகர் துவாரசமுத்திரம். 1290களின் தொடக்கத்தில் அரியணை ஏறியவன். 1310ல் பாண்டிய நாட்டில் மாறவர்மன் குலசேகரன் இறந்து, சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அடித்துக்கொண்டபோது, அந்தக் குழப்பத்தில் நாலு காசு பார்க்கலாம் என்று படையோடு தெற்கே போயிருந்தான். அண்ணன் தம்பி சண்டையில் காவலில்லாமல் கிடந்த ஊர்களைக் கொள்ளையடிக்கப் போனான் என்று அமீர் குஸ்ரோ எழுதுகிறார். இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

அந்த நேரத்தில் மாலிக் காஃபூர் தேவகிரி வழியாக வந்து 1311 பிப்ரவரி கடைசியில் துவாரசமுத்திரத்துக்கு வெளியே நிற்கிறார். வல்லாளன் அவசரமாகத் திரும்புகிறான். சண்டை போட்டுப் பயனில்லை என்று தெரிந்துகொண்டு பணிகிறான். யானை, குதிரை, பொக்கிஷம் எல்லாம் கை மாறுகின்றன. கப்பம் கட்டச் சம்மதிக்கிறான். இன்னொரு நிபந்தனையும் உண்டு. மாபார், அதாவது பாண்டிய நாடு, அதற்கு வழிகாட்டிக்கொண்டு கூடவே வரவேண்டும். மார்ச் மாதம் படை கிளம்புகிறது. ஏப்ரலில் மதுரை. மாத இறுதியில் நூற்றுக்கணக்கான யானைகளோடும் பொன்னோடும் காஃபூர் வடக்கே திரும்புகிறார்.

இதுதான் 'துரோகி' வீடியோவின் மொத்த ஆதாரம். நடந்தது உண்மை. மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படை ஏன் வந்தது என்ற கேள்வியை வீடியோ தொடவே இல்லை.

தில்லியில் அலாவுதீன் கில்ஜிக்கு அப்போது தலைவலி தெற்கு அல்ல, வடமேற்கு. 1299லும் 1303லும் மங்கோலியர் தில்லியின் வாசல் வரை வந்துவிட்டார்கள். 1303ல் நகரையே முற்றுகையிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அலாவுதீன் பெரிய நிரந்தரப் படை வைக்கிறார். அந்தச் சிப்பாய்க்குச் சம்பளம் கட்டுப்படியாக வேண்டும் என்று தானியத்துக்கும் துணிக்கும் குதிரைக்கும் விலை நிர்ணயம் செய்கிறார். அவ்வளவு பெரிய படைக்குப் பணம் எங்கிருந்து வரும்? தெற்கிலிருந்து. அதனால்தான் அந்தப் படையெடுப்பில் காஃபூர் எந்த ஊரிலும் தங்கி ஆளவில்லை. வாரிக்கொண்டு போனார். தங்கமும் யானையும் கப்பமும் போதும் என்பதுதான் திட்டம்.

ஆக, மங்கோலியக் குதிரை ஒன்றுகூடத் தென்பெண்ணையில் தண்ணீர் குடிக்கப் படையெடுத்து வரவில்லை. ஆனால் அந்தக் குதிரைகள் கிளப்பிய புழுதி இங்கே வரைக்கும் வந்தது.

*

அதே புழுதி வேறொரு திசையில் என்ன செய்தது என்று பாருங்கள். வோல்கா ஆற்றுக்கு மேற்கே காடுகளில் மோக்ஷா என்றொரு இனம் வாழ்கிறது. நம் மோட்சத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது ஓர் ஆற்றின் பெயர். 13ஆம் நூற்றாண்டில் அவர்களுக்கு ஒரு சிற்றரசன் இருந்தான். ரஷ்ய நாளாகமங்கள் அவனைப் புரேஷ் என்கின்றன. ஒரு பக்கம் விளாதிமிர் இளவரசர்கள், இன்னொரு பக்கம் பக்கத்துக் காட்டின் எர்ஸியர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒருவரோடு சேர்ந்து மற்றவரைச் சமாளித்துக்கொண்டிருந்தவன். 1230களின் இறுதியில் பட்டு கானின் மங்கோலியப் படை வந்தது. பணிந்தார்கள். பணிந்தவர்களைப் படை சும்மா விடவில்லை, தன்னோடு மேற்கே இழுத்துக்கொண்டு போனது.

1253ல் அந்தப் பக்கம் பயணம் செய்த ரூப்ருக் என்ற பாதிரியார் ஒரு சின்னக் குறிப்பை விட்டுப் போயிருக்கிறார். அந்த மக்களின் தலைவனும் அவர்களில் பெரும்பாலோரும் ஜெர்மானிய எல்லையில் கொல்லப்பட்டார்கள் என்கிறார். அதைவிட முக்கியம் அடுத்து அவர் சொல்வது: மிச்சமிருப்பவர்கள் இன்றும் ஜெர்மானியர்களைப் புகழ்கிறார்கள், தங்களை மங்கோலிய அடிமைத்தனத்திலிருந்து அவர்கள் மீட்பார்கள் என்று நம்புகிறார்கள்.

யாரைக் கொல்ல இழுத்துச் செல்லப்பட்டார்களோ அவர்களே வந்து தங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று காத்திருந்த சனம். இவர்களுக்கு உங்கள் அகராதியில் என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்? மங்கோலியனின் கூலிப்படையா? விடுதலை வீரர்களா?

வல்லாளன் நிலைமையும் இதே வார்ப்புதான். பெரிய படை முன்னால் சின்ன அரசன். அவன் முன்னால் இருந்த வாய்ப்புகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று, சண்டை போட்டு ஊரோடு அழிவது. இரண்டு, ஓடிப்போய் ஊரை அழிய விடுவது. மூன்று, பணிந்து, சொன்னதைச் செய்து, ஊரை மிச்சம் வைப்பது. வீடியோக்காரருக்கு முதலாவது பிடிக்கும். ஏனென்றால் அதில் அவர் சாகப்போவதில்லை. துவாரசமுத்திரத்தில் அன்றைக்கு நெல் குத்திக்கொண்டிருந்த பெண்ணிடம் ஓட்டெடுப்பு வைத்தால் அவள் எதற்குப் போடுவாள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

'தமிழகத்துக்குத் துரோகம்' என்ற பேச்சு அடுத்தது. துரோகம் செய்ய முதலில் ஒரு பக்கத்தில் இருக்க வேண்டும். சற்று முன்பு நினைவில் வைக்கச் சொன்னேனே, வல்லாளன் ஏற்கெனவே பாண்டிய நாட்டைக் கொள்ளையடிக்கப் போன ஆள். பாண்டியனுக்கு அவன் நண்பன் அல்ல, பங்காளியும் அல்ல. கொள்ளைக்காரன் என்று திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். அவன் படை போன வழியில் களத்துமேடு இழந்தவனுக்குக் கோபுரமும் இல்லை, திதியும் இல்லை. ஆனால் துரோகி என்பது வேறு குற்றச்சாட்டு. அதற்கு வேறு சாட்சி வேண்டும்.

*

சாட்சி இருக்கிறது. அது 1311ல் இல்லை, 1327ஐ ஒட்டி இருக்கிறது. வீடியோ போட்டவருக்கு அது தெரியவில்லை.

முகமது பின் துக்ளக் காலம். அவருடைய அத்தை மகன் பகாவுத்தீன் குர்ஷாஸ்ப், தக்காணத்தில் சாகர் என்ற இடத்தை நிர்வகித்தவர், கலகம் செய்து தோற்று, கம்பிலி அரசனிடம் அடைக்கலம் புகுகிறார். கம்பிலி சின்ன நாடு. தில்லிப் படை வந்து சூழ்ந்துகொள்கிறது. இனித் தாங்காது என்று தெரிந்ததும் கம்பிலி அரசன், விருந்தாளியைப் பத்திரமாக வல்லாளனிடம் அனுப்பிவிட்டு, கோட்டைக் கதவைத் திறந்துகொண்டு போய்ச் சண்டை போட்டுச் சாகிறான். அதற்கு முன்பே அவன் வீட்டுப் பெண்கள் தீயில் இறங்கிவிட்டார்கள். இபின் பதூதா இதையெல்லாம் எழுதியிருக்கிறார்.

வல்லாளன் என்ன செய்தான்? வந்தவரைப் பிடித்துத் தில்லிப் படையிடம் கொடுத்துவிட்டான். துக்ளக் அவரை உயிரோடு தோலுரித்தார். தோலில் வைக்கோல் அடைத்து ஊர் ஊராகக் காட்டினார்கள்.

இங்கே நான் வல்லாளனுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். 1311ல் அவன் முன்னால் இருந்த கணக்கு இங்கேயும் இருந்தது, உண்மை. இன்னொரு கம்பிலியாக அவன் விரும்பவில்லை, அதுவும் புரிகிறது. ஆனால் ஒருத்தன் அடைக்கலம் கொடுத்து அழிந்தது கண்முன்னே நடந்தது, அவன் நம்பி அனுப்பிய ஆளை இவன் கைமாற்றிவிட்டான். இது தவறு. அன்றைய தர்மத்துக்கும் தவறு, இன்றைய தர்மத்துக்கும் தவறு. பலனும் பெரிதாக இல்லை. அதை ஒட்டிய ஆண்டுகளில் துவாரசமுத்திரம் மறுபடியும் தாக்கப்பட்டுச் சிதைந்தது. 1328 முதல் வல்லாளன் திருவண்ணாமலையில் இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. உண்ணாமலைப் பட்டணம் என்று அவை ஊரைக் குறிப்பிடுகின்றன. எங்கள் ஆற்றிலிருந்து ஒரு பஸ் பயணத் தூரம். அப்படித்தான் ஹளேபீட்டு அரசன் நம் பக்கத்துக்காரன் ஆனான்.

வரலாற்றில் தீர்ப்பே சொல்லக் கூடாது, எல்லாம் அந்தந்தக் காலத்து நியாயம் என்று கைகழுவுகிறவன் இல்லை நான். தீர்ப்பு சொல்லுங்கள். ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள். 1310ல் செய்தது கொள்ளை. 1311ல் செய்தது பிழைப்பு. 1327ல் செய்தது கயமை. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து ஒரு சராசரி எடுக்க முடியாது. இது மார்க்‌ஷீட் இல்லை.

*

இனி தியாகி கோஷ்டி.

1335ல் மதுரையின் ஆளுநர் ஜலாலுத்தீன் அஹ்சன், துக்ளக்கிடமிருந்து பிரிந்து தன்னை சுல்தானாக அறிவித்துக்கொள்கிறார். தில்லியின் பிடி தளர்ந்துவிட்டது. வல்லாளன் மறுபடி எழுகிறான். 1342 வாக்கில், சுல்தான் கியாசுத்தீன் தம்கானியின் காலத்தில், இன்றைய சமயபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிடுகிறான். அது ஒரு காலத்தில் ஹொய்சளர்களின் தெற்குத் தலைநகரம். அப்போது வல்லாளனுக்கு வயது எண்பது என்கிறார் இபின் பதூதா.

கோட்டைக்குள் சோறு தீர்ந்துவிட்டது. சரணடைகிறோம், மதுரை சுல்தானிடம் கேட்டுக்கொள்ள 14 நாள் கொடு என்கிறார்கள். வல்லாளன் கொடுக்கிறான். அந்த அவகாசத்தில் மதுரையிலிருந்து ஒரு சின்னப் படை பாய்ந்து வருகிறது. ஹொய்சள முகாமில் குதிரைகள் மேய்ச்சலுக்குப் போயிருக்கின்றன. யாரோ திருடர்கள் என்று நினைத்து அரைகுறையாக எழுகிறார்கள். அவ்வளவு பெரிய சேனை சிதறுகிறது. கிழவன் குதிரை ஏற முயலும்போது பிடிபடுகிறான். விடுதலை செய்வதாக ஆசைகாட்டி அவனிடமிருந்த பணம், யானை, குதிரை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்ட சுல்தான், பிறகு அவனைக் கொன்று, தோலுரித்து, வைக்கோல் அடைத்து, மதுரை மதிலில் தொங்கவிட்டார். தொங்கியதைக் கண்ணால் பார்த்தேன் என்கிறார் இபின் பதூதா.

குர்ஷாஸ்பின் தோலும் வைக்கோல், அவரைக் காட்டிக்கொடுத்தவனின் தோலும் வைக்கோல். இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. 'கர்மா' என்று மூன்று எழுத்தில் கமெண்ட் போடத் தோன்றுகிறவர்களுக்கு: கம்பிலி அரசன் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, அவனும் செத்தான்.

மதுரை சுல்தானின் கொடுமை உண்மை. அதைப் பூசி மெழுக நான் வரவில்லை. பிடிபட்ட ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் அவர் கழுவேற்றியதை நேரில் பார்த்து எழுதியவரும் இபின் பதூதாதான். எழுதியதோடு விடவில்லை, வேறெந்த அரசனும் செய்து நான் பார்க்காத அசிங்கம் இது, அதனால்தான் கடவுள் அவனைச் சீக்கிரம் அழைத்துக்கொண்டார் என்று கண்டிக்கிறார். இத்தனைக்கும் அவர் மார்க்கம் கற்ற காஜி, அந்த சுல்தானுக்குச் சகலை. இதை மதத்துக்கும் மதத்துக்குமான போர் என்று சுருக்குகிறவர்கள் அவருடைய சாட்சியத்தில் பாதியை மட்டும் கிழித்து எடுத்துக்கொள்கிறார்கள்.

கிழித்து எறிந்த பாதியில் இன்னொன்றும் இருக்கிறது. வல்லாளன் படையில் இருபதாயிரம் முஸ்லிம்கள் இருந்தார்கள் என்கிறார் அதே இபின் பதூதா. ஓடிவந்த அடிமைகள், குற்றவாளிகள், உருப்படாதவர்கள் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சொல்கிறார். எண்ணிக்கை முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் எஜமானனிடமிருந்து தப்பிய அடிமை எண்பது வயது ஹொய்சளக் கிழவனின் முகாமில் இடம் தேடினான் என்பது எந்தத் தியாகி வீடியோவிலும் வராது. வந்தால் கதை குழம்பிவிடும்.

1311 படையில் மட்டும் என்ன? காஃபூரின் தளபதிகளில் அபாச்சி என்று ஒரு மங்கோலியர் இருந்ததாக இஸாமி எழுதுகிறார். தமிழ் மண்ணுக்கு வந்த பிறகு அவர் காஃபூரைக் கொன்றுவிட்டுப் பாண்டியர் பக்கம் தாவப் பார்த்து மாட்டிக்கொண்டார். தில்லியில் அவர் தலை போனது. முன்னே சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன்: படையெடுத்து வராவிட்டாலும், சம்பளத்துக்கு வந்த ஒரு மங்கோலியர் பாண்டியர் பக்கம் சேரப் பார்த்திருக்கிறார். அந்தக் காலத்து மனிதர்கள் நம் குரூப் அட்மின்கள் போட்டுவைத்த கோட்டுக்குள் நிற்கவே மாட்டார்கள்.

*

வந்தேறி என்றவருக்கும் நம்ம சாதி என்றவருக்கும் நீண்ட பதில் தேவையில்லை.

நம் மாவட்டத்திலேயே, உளுந்தூர்பேட்டைப் பக்கம் சேந்தமங்கலம் இருக்கிறது. 1231ஐ ஒட்டி அங்கேதான் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன், சோழச் சக்கரவர்த்தி மூன்றாம் ராஜராஜனைப் பிடித்துச் சிறை வைத்தான். தமிழன் தமிழனைச் சிறை வைத்தான். மீட்க வந்தது யார்? ஹொய்சள இரண்டாம் நரசிம்மனின் படை. கன்னடன் வந்து சோழனை மீட்டான். திருவந்திபுரத்துக் கல்வெட்டு அதை ஊர் ஊராகச் சொல்கிறது. இதில் யார் உள்ளூர், யார் வெளியூர்? மண் என்ன நினைத்தது என்று தெரிய வேண்டுமானால் கோயிலில் பாருங்கள். ஹளேபீட்டிலிருந்து அகதியாக வந்த கன்னட அரசனை அண்ணாமலையாருக்கே அப்பாவாக்கி, எழுநூறு வருடமாகச் சாவுத் துக்கம் காக்கிறது.

சாதியைப் பொறுத்தவரை, வல்லாளனுக்கு உரிமை கோருகிறவர்கள் ஒருவர் அல்ல, பலர். எல்லோரும் கோபுரத்துக்கு உரிமை கேட்கிறார்கள். குர்ஷாஸ்பைக் காட்டிக்கொடுத்ததற்கும் சேர்த்து உரிமை கேட்க யாராவது வந்தால் நான் நம்புகிறேன்.

*

இவ்வளவு கோபம் எனக்கு ஏன் என்று கேட்கலாம். ஏழு நூற்றாண்டு முந்தைய விஷயம், விடுப்பா என்று என் நண்பனே சொன்னான்.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தை ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. என்னிடம் இரண்டு வேலைகள் தந்தார்கள். முதலாவது, எங்கள் டீம் நாலு வருடமாக எழுதியதையெல்லாம் வந்தவர்களுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது. இரண்டாவது, ஆறு பேரில் இரண்டு பேர் பெயரை எழுதித் தருவது. முதலாவதைச் செய்ததில் எனக்கு வெட்கமில்லை. செய்யாவிட்டால் ஆறு பேருக்கும் அன்றே கதவைக் காட்டியிருப்பார்கள். இரண்டாவதையும் செய்தேன். மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. மறுத்துப் பார்க்கவே இல்லை என்பதுதான் விஷயம். வீட்டுக்கடன் இருந்தது. இரண்டு பேரில் ஒருவர் இன்றும் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறார். இன்னொருவர் அனுப்புவதில்லை.

போரையும் ஆபீஸையும் ஒன்றாக வைக்கவில்லை. அங்கே தோல் உரிந்தது, இங்கே ஓர் ஐடி கார்டு போனது. ஆனால் பணிவதற்கும் காட்டிக்கொடுப்பதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது, அதை எங்கே தாண்டினோம் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். நம்மில் பெரும்பாலோர் கம்பிலி அரசனும் அல்ல, காஃபூரும் அல்ல. நாம் வாழ்வது வல்லாளனின் இடத்தில். மேலே ஒரு பெரிய படை, கீழே நம்மை நம்பிச் சிலர். அந்த இடத்தில் நின்று யோசிக்கச் சொல்லித்தர வேண்டிய வரலாற்றை, விசிலடிக்கவும் கல்லெறியவும் மட்டும் பழக்கினால், நாளைக்கு நம் முறை வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. வீரன் வேஷம் கட்ட முடியாதவன், அப்போ நான் துரோகிதான் என்று முடிவு செய்து எல்லாவற்றையும் விற்றுவிடுவான். இரண்டே பெட்டி வைத்தால் அப்படித்தான் ஆகும்.

*

கடைசியாக ஒன்று. திருவிழாவைத் தூக்கிப் பேசிவிட்டேன், அதன் பொய்யையும் சொல்லாமல் போனால் நானும் வீடியோக்காரன்தான்.

வல்லாளனுக்குப் பிள்ளையில்லை என்கிறது புராணம். இருந்தான். அவன் பெயர் விருபாட்சன், அவனும் வீர வல்லாளன். 1311 தோல்விக்குப் பிறகு தில்லிக்குப் போனவன் அவன். தில்லிக்குப் போனது அப்பனே என்று இஸாமி எழுதுகிறார். ஆனால் 1313ல் இளவரசன் தில்லியிலிருந்து திரும்பி வந்ததைக் கொண்டாடும் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. அப்பன் பணிந்ததற்கு ஈடாகப் போன பையன். இரண்டு வருடம் தில்லியில் என்ன பார்த்தான், என்ன சாப்பிட்டான், யாரோடு பேசினான், ஒன்றும் தெரியாது. ஊர் திரும்பினான். முப்பது வருடம் கழித்து, அப்பன் தோல் மதுரை மதிலில் தொங்கியபோது, அவன்தான் அடுத்த அரசன். மூன்று நான்கு வருடத்தில் அவனும் காணாமல் போகிறான். அந்த இடத்தில் விஜயநகரம் எழுந்துவிட்டது.

நாம் அவனை அழித்துவிட்டோம். அப்பன் சாவுக்குக் காரியம் செய்ய உரிமையுள்ள மகனை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் கடவுளை உட்கார வைத்தோம். அழகான கதைதான். ஆனால் விலை கொடுத்தவன் கதையிலிருந்து போய்விட்டான். பெரிய கதைகள் எல்லாம், வீடியோவானாலும் புராணமானாலும், முதலில் அழிப்பது பிணைக்கைதியைத்தான்.

இருந்தாலும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் திருவிழாவைத்தான் எடுப்பேன். அது வல்லாளனுக்கு ஜே போடவில்லை, காறித் துப்பவும் இல்லை. மேளத்தை நிறுத்துகிறது. ஓர் ஆள் செத்துவிட்டான், அவன் நமக்கு வேண்டியவன், அவன் செய்ததெல்லாம் நமக்குத் தெரியாது, ஒரு பிடி எள்ளும் தண்ணீரும் இறைப்போம் என்கிறது. பெரியப்பா சொன்ன அந்த 'அவ்ளோதான்' இப்போது எனக்கு வேறு மாதிரி கேட்கிறது.

குரூப்பை அட்மின் மறுபடி திறந்துவிட்டார். இதை அங்கேயும் போடுவேன். திட்டுவார்கள். திட்டட்டும். அடுத்த தை 5க்கு எல்லாரும் ஆத்துக்குத்தானே வரணும். சுருளிக்கிழங்கு என் செலவு. வரும்போது ஒரே ஒரு கேள்விக்குப் பதில் யோசித்துக்கொண்டு வாருங்கள்: வல்லாளன் துரோகியா தியாகியா என்பது வேண்டாம். கம்பிலியிலிருந்து வந்த அந்த ஆள் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால், வெளியே படை நிற்கிறபோது, நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

உடனே பதில் சொல்கிறவரை நான் நம்பமாட்டேன்.